வேண்டாத மின்னஞ்சல்: எதை நிறுத்தச் சொல்வது, எதைத் தொடாமலே விடுவது

ஸ்பேம் மின்னஞ்சலுக்கு ஆகும் செலவை அனுப்புகிறவர் ஏற்பதில்லை, பெறுகிறவர்தான் ஏற்கிறார். அது ஓயாமல் வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். 2008இல் கலிஃபோர்னியாவின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஸ்டார்ம்' என்ற பாட்நெட்டின் (கிருமி புகுத்திக் கைப்பற்றிய கணினிகளின் வலைப்பின்னல்) ஒரு பகுதிக்குள் நுழைந்து, அது பரப்பிய மருந்து விளம்பரங்களை எண்ணிப் பார்த்தார்கள். 26 நாளில் போன மடல்கள் ஏறத்தாழ 35 கோடி. அவற்றால் நடந்த விற்பனை 28. இப்படிப்பட்ட வியாபாரத்தில் எந்தக் கடைக்காரரும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க மாட்டார். ஆனால் அந்த மடல்கள் புறப்பட்டது கிருமி புகுந்த ஊரார் கணினிகளிலிருந்து. மின்சாரமும் இணையக் கட்டணமும் அவர்களுடையவை. 2012இல் ஜஸ்டின் ராவ், டேவிட் ரைலி என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, அமெரிக்க நிறுவனங்களுக்கும் மக்களுக்கும் ஸ்பேமால் ஆண்டுக்கு ஆகும் நட்டம் சுமார் 2,000 கோடி அமெரிக்க டாலர். ஸ்பேம் அனுப்புவோர் உலகெங்கும் சேர்த்து ஈட்டுவது சுமார் 20 கோடி டாலர். ஒருவர் ஒரு காசு சம்பாதிக்க மற்றவர்கள் நூறு காசு இழக்கிறார்கள்.

நம் அலுவலகங்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் வேண்டாத மடல்களைக் களைவதில் போனால், மொத்தம் 250 நிமிடம். ஓர் ஊழியரின் அரைநாள் சம்பளம் தினமும் குப்பைக் கூடைக்குப் போகிறது. உண்மையான விலைப்பட்டியலோ வேலைக்கான நேர்காணல் அழைப்போ ஸ்பேம் பெட்டியில் சிக்கி யார் கண்ணிலும் படாமல் போவது இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஸ்பேமை எதிர்கொள்ளும்போது பலரும் செய்யும் தவறு, எல்லா வேண்டாத மடல்களையும் ஒரே மாதிரி நடத்துவது. மூன்று வகை மடல்கள் வருகின்றன: நமக்குத் தெரிந்த கடையோ சேவையோ அனுப்பும் விளம்பரம், முன்பின் தெரியாதவர் அனுப்பும் விளம்பரம், விளம்பரமே அல்லாத மோசடி. முதல் வகைக்கு ஏற்ற வைத்தியத்தை இரண்டாவதற்குச் செய்தால் மடல்கள் கூடும். மூன்றாவதற்குச் செய்தால் பணம் போகும்.

முதல் வகை எளிது. விமானச் சீட்டு வாங்கிய தளம், தீபாவளிக்குத் துணி எடுத்த இணையக் கடை, எப்போதோ சேர்ந்த உடற்பயிற்சிக்கூடம் ஆகியவை அனுப்பும் மடல்களின் அடியில் 'அன்சப்ஸ்கிரைப்' (சந்தாவிலிருந்து விலகும்) இணைப்பு இருக்கும். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தப் பொத்தான் தெரியும். இருப்பதில் பாதுகாப்பானது அதுதான், ஏனென்றால் அதை அழுத்தினால் கோரிக்கையை ஜிமெயிலே அனுப்புநருக்குக் கொண்டுசேர்க்கும். மடலுக்குள் இருக்கும் எந்த இணைப்பையும் நாம் தொட வேண்டியதில்லை. (அரிதாகச் சிலவற்றில் அது அனுப்புநரின் தளத்துக்கு அழைத்துச் செல்லும்.) பழைய மடல்களில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல்லைத் தேடினால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த சந்தாக்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு மாலைப் பொழுதில் முப்பது நாற்பதை வெட்டிவிடலாம். மடலை அழித்துக்கொண்டே இருப்பதால் ஒன்றும் நடக்காது, அடுத்த வாரமும் வரும்.

இந்த வகைக்குத்தான் சிங்கப்பூர்ச் சட்டம் கைகொடுக்கிறது. ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம் 2007 ஜூன் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஒரே பொருளில் 24 மணி நேரத்தில் 100க்கு மேல், அல்லது 30 நாளில் 1,000க்கு மேல், அல்லது ஓராண்டில் 10,000க்கு மேல் மடல் அனுப்பினால் சட்டத்தின் பார்வையில் அது மொத்தமாக அனுப்புவது. பெறுகிறவர் கேட்காமல் அப்படி அனுப்பும் வணிக மடலில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும். தலைப்பின் தொடக்கத்தில் ஏ, டி, வி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் கோண அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். தலைப்பு உள்ளடக்கத்தைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. அனுப்புநரைத் தொடர்புகொள்ள உண்மையான முகவரியோ எண்ணோ இருக்க வேண்டும். நிறுத்தச் சொல்ல வழி இருக்க வேண்டும், அந்த வழி மடல் அனுப்பிய பின் குறைந்தது 30 நாள் வேலை செய்ய வேண்டும். நாம் நிறுத்தச் சொன்ன பிறகு 10 வேலை நாளுக்குமேல் இன்னொரு மடல் வரக்கூடாது. அகராதியிலிருந்து பெயர்களைக் கோத்து முகவரிகளை ஊகிப்பதும், இணையத்தளங்களில் முகவரிகளை மென்பொருளால் அள்ளி அவற்றுக்கு அனுப்புவதும் தடை செய்யப்பட்டவை.

மீறினால் என்ன ஆகும் என்பதில்தான் சட்டத்தின் பலவீனம் தெரிகிறது. இது குற்றவியல் சட்டம் அல்ல. பாதிக்கப்பட்டவர் தாமே உரிமை வழக்குப் போட வேண்டும். ஒரு மடலுக்கு 25 வெள்ளி வரை, மொத்தம் பத்து லட்சம் வெள்ளி வரை நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கலாம். நட்டம் அதைவிட அதிகம் என்று நிரூபித்தால் கூடுதலாகவும் கிடைக்கும். ஒரு விளம்பர மடலுக்காக நீதிமன்றப் படியேற யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால் சட்டத்தின் பயன் பெரும்பாலும் மறைமுகமானது: பெயருள்ள உள்ளூர் நிறுவனங்கள் அதற்கு அஞ்சி ஒழுங்காக நடக்கின்றன. வெளிநாட்டில் பெயரில்லாமல் இயங்குகிறவர்களை அது தொடுவதில்லை. இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2014இல் தொடங்கிய 'டூ நாட் கால்' பதிவேட்டில் எண்ணைப் பதிந்தால் மின்னஞ்சல் குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். அது தொலைபேசி எண்களுக்கானது, மின்னஞ்சலை அது கட்டுப்படுத்தாது.

இரண்டாம் வகைக்கு வருவோம். பெயர் தெரியாத விற்பனையாளர், எடை குறைக்கும் மாத்திரை, 'உங்கள் இணையத்தளத்தை கூகல் தேடலில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்' என்ற வாக்குறுதி. இவற்றில் அன்சப்ஸ்கிரைப் இணைப்பை அழுத்தவே கூடாது. அந்த இணைப்பில் நம் முகவரிக்கென்று தனிக் குறியீடு கோக்கப்பட்டிருக்கும். அழுத்தியதும் அனுப்பினவருக்கு ஒரு விஷயம் உறுதியாகிறது: இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், மடலைத் திறந்து அடிவரை படிக்கிறார். ஊகித்து வைத்த முகவரியைவிட உறுதியான முகவரிக்குச் சந்தையில் விலை அதிகம். பதில் எழுதித் திட்டுவதும் அதே வேலையைத்தான் செய்யும். மடலில் உள்ள படமும் காட்டிக்கொடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படத்தை மடலில் செருகி, அது எப்போது இறக்கப்பட்டது என்று கவனிப்பார்கள். ஜிமெயில் 2013 முதல் படங்களைத் தன் சர்வர் வழியாகக் கொண்டுவருவதால் நம் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) மறைந்துவிடுகிறது. ஆனால் மடல் திறக்கப்பட்டது என்ற தகவல் கசியலாம். செட்டிங்ஸில், ஜெனரல் பகுதியில், வெளியிலிருந்து வரும் படங்களைக் காட்டுமுன் கேட்கும்படி மாற்றிவைப்பது நல்லது.

இந்த மடல்களை அழிக்காமல் 'ரிப்போர்ட் ஸ்பேம்' அழுத்துவதுதான் சரியான வேலை. வடிகட்டி கற்றுக்கொள்வது அதிலிருந்துதான். கணினி நிரலாளர் பால் கிரஹாம் 2002இல் பரப்பிய முறை இன்றைய வடிகட்டிகளுக்கு ஒரு தொடக்கம்: ஒவ்வொரு சொல்லும் நல்ல மடலில் எத்தனை முறை, கெட்ட மடலில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணி, அந்தச் சொற்கள் சேர்ந்த மடல் ஸ்பேமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவது. இப்போது சொற்களோடு அனுப்பும் சர்வரின் நற்பெயர், இணைப்புகளின் வயது, லட்சக்கணக்கானோர் அழுத்திய பொத்தான் எல்லாம் கணக்கில் சேர்கின்றன. எழுத்துப் பிழையை வைத்து ஸ்பேமைக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய அறிவுரையை மறந்துவிடுவது நல்லது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் பிழையற்ற ஆங்கிலத்திலும், ஓரளவு நல்ல தமிழிலும்கூட மோசடி மடல் எழுத முடிகிறது.

வடிகட்டி எவ்வளவு நுட்பமானாலும் நல்ல மடலையும் சிலசமயம் பிடித்துவிடும். ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டியில் கிடப்பவை 30 நாளில் தாமாக அழிந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை அதைத் திறந்து, அனுப்புநர் பெயர்களை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். நல்லது இருந்தால் 'நாட் ஸ்பேம்' அழுத்துங்கள். பிள்ளையின் பள்ளி, கணக்காய்வாளர், மருந்தகம் போல ஒரு மடல்கூடத் தவறக்கூடாத இடங்களுக்கு ஃபில்டர் உருவாக்கி, ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள்.

மூன்றாம் வகைதான் உண்மையில் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது. வரி ஆணையமான ஐராஸ் பெயரில் வரித்தொகை திரும்பக் கிடைக்கும் என்றும், சிங்போஸ்ட் பெயரில் பொட்டலத்துக்கு ஒரு வெள்ளி சொச்சம் கட்டணம் பாக்கி என்றும், வங்கி பெயரில் கணக்கு முடக்கப்பட்டது என்றும் வரும். சிங்கப்பூரில் வசிப்பவருக்கு இதில் ஓர் உறுதியான பிடிமானம் உண்டு. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கி வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 790 பேர் போலிக் குறுஞ்செய்திகளால் 1 கோடியே 37 லட்சம் வெள்ளி இழந்தபின், 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய வாரியமும் வங்கிகள் சங்கமும் ஒரு முடிவை அறிவித்தன: தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அழுத்தக்கூடிய இணைப்புகளை வங்கிகள் நீக்க வேண்டும். ஆகவே, அழுத்திக் கணக்கைச் சரிசெய்யச் சொல்லும் 'வங்கி' மடல் வந்தால் ஆராய்ச்சி தேவையில்லை. வங்கியின் செயலியைத் தனியாகத் திறந்து பாருங்கள்.

மற்ற மடல்களில் முகவரியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அனுப்புநர் பெயர் என்று பெரிதாகத் தெரிவதை யாரும் எப்படியும் எழுதிக்கொள்ளலாம். கைபேசியில் 'டு மீ' என்பதன் பக்கத்தில் இருக்கும் சிறு அம்புக்குறியைத் தொட்டால்தான் உண்மையான முகவரி தெரியும். டொமைன் பெயரை, அதாவது மின்னஞ்சலில் '@' குறிக்குப் பின் வரும் தளப் பெயரை, வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். அரசாங்கத் தளங்களின் பெயர் 'டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி' என்று முடியும். முடிய வேண்டும் என்பதுதான் முக்கியம். 'ஐராஸ் டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி' என்று தொடங்கி, அதற்குப் பின் ஒரு புள்ளி வைத்து வேறேதோ பெயரும் 'டாட் காம்' என்ற முடிவும் வந்தால், அந்தத் தளம் கடைசியில் உள்ள 'டாட் காம்'காரருக்குச் சொந்தம். முன்னால் இருப்பது வெறும் அலங்காரம். இணைப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால், திறக்காமலே முழு முகவரியையும் பார்க்கலாம்.

இன்னும் ஒரு படி உள்ளே போக விரும்புகிறவர்கள் கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மடலின் வலப்பக்க மூன்று புள்ளிகளில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். மேலே ஒரு சிறு அட்டவணை வரும். அதில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று, மடல் எந்த டொமைனிலிருந்து வந்தது என்பதைச் சரிபார்க்கும் சோதனைகளின் மூன்று வரிகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே பாஸ் அல்லது ஃபெயில் என்ற முடிவும் இருக்கும். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். மூன்றும் பாஸ் என்றால் மடல் நல்லது என்று பொருளல்ல. அங்கே எழுதியிருக்கும் டொமைனிலிருந்துதான் மடல் வந்தது என்று மட்டுமே பொருள். மோசடிக்காரர் தம் சொந்த டொமைனை வாங்கி முறையாக அமைத்திருந்தால் மூன்றிலும் தேறிவிடுவார். ஆகவே பாஸ் என்பதைப் பார்த்து நிற்காமல், பக்கத்தில் எந்த டொமைன் என்று பாருங்கள்.

இந்தச் சோதனை எதுவும் உதவாத மோசடி ஒன்று உண்டு. சரக்கு தருபவரின் மின்னஞ்சல் கணக்குக்குள்ளேயே திருடர் புகுந்து, நடந்துகொண்டிருக்கும் உரையாடலில் அதே தொனியில் பதில் எழுதுவார்: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை இங்கே கட்டுங்கள்.' முகவரி சரி, டொமைன் சரி, மூன்றும் பாஸ். தேக்காவில் மளிகை இறக்குமதி செய்பவராக இருந்தாலும் துவாஸில் பட்டறை நடத்துபவராக இருந்தாலும் இதற்கு வழி ஒன்றுதான்: வங்கிக் கணக்கு மாறியதாக மடல் வந்தால், ஏற்கெனவே கையில் இருக்கும் எண்ணில் அழைத்துக் கேட்டபிறகே பணம் அனுப்புவது. மடலில் தந்திருக்கும் எண்ணில் அழைக்கக்கூடாது. நம் கணக்கிலேயே அப்படி யாராவது புகுந்திருக்கிறார்களா என்று பார்க்க, செட்டிங்ஸில் ஃபில்டர்கள், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். வங்கியின் அல்லது வாடிக்கையாளரின் பதில்களைத் தானாக வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு நம் பெட்டியிலிருந்து மறைக்கும் விதியை அவர்கள் போட்டுவைப்பது வழக்கம். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். அதைத் தனியாக நீக்கி, இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் இயக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பணம் போய்விட்டது என்றால் முதல் அழைப்பு வங்கிக்கு. உள்ளூர்ப் பெரிய வங்கிகளில் கணக்கை நாமே உடனே முடக்கும் 'கில் சுவிட்ச்' வசதி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று நிதானமாக இருக்கும் நாளில் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. வயதான பெற்றோரின் கைபேசியிலும் காட்டிக் கொடுத்துவிடுங்கள். மடலை யாருக்காவது சான்றாக அனுப்ப வேண்டியிருந்தால், சாதாரணமாக ஃபார்வர்ட் செய்யாமல் இணைப்புக் கோப்பாக அனுப்ப வேண்டும். அப்போதுதான் அது வந்த பாதையைக் காட்டும் தலைப்பகுதி அழியாமல் போய்ச் சேரும்.

ஒருநாள் திடீரென்று ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான சந்தா உறுதி மடல்கள் கொட்டினால் அது தற்செயல் அல்ல. யாரோ நம் முகவரியை ஆயிரம் தளங்களில் பதிந்திருக்கிறார். நோக்கம் பெரும்பாலும் ஒரே ஒரு மடலைப் புதைப்பது: அட்டையில் பணம் எடுத்ததாகவோ கடவுச்சொல் மாறியதாகவோ வந்த அறிவிப்பு. பதற்றத்தில் மொத்தமாக அழித்தால் அந்த மடலும் சேர்ந்து போய்விடும். முதலில் நம் வங்கியின் பெயர், அட்டையின் பெயர், நாம் வாங்கும் இணையக் கடைகளின் பெயர் ஆகியவற்றைப் பெட்டியில் தேடுங்கள், செயலிகளில் கணக்கைப் பாருங்கள், அதன்பிறகு துப்புரவு.

முகவரி கசிவதைக் குறைப்பது நீண்டகால வேலை. வங்கி, சிங்பாஸ், மத்திய சேம நிதிக்கு ஒரு முகவரி, அதை வேறெங்கும் கொடுப்பதில்லை. கடைகளுக்கும் அதிர்ஷ்டக் குலுக்கல்களுக்கும் இன்னொன்று. ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு ஒரு சொல் சேர்த்தால் மடல் நம் பெட்டிக்கே வரும், யார் முகவரியைக் கசியவிட்டார்கள் என்றும் தெரியும். ஆனால் சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை, விவரமான ஸ்பேமர் அந்தப் பகுதியை வெட்டிவிடுவார். ஆப்பிளின் 'ஹைட் மை இமெயில்', மொசில்லாவின் 'ஃபயர்ஃபாக்ஸ் ரிலே' போன்றவை தரும் மாற்று முகவரிகள் அதைவிட உறுதியானவை. தொந்தரவு வந்தால் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடலாம்.

கடைசியாக, பெறுகிறவரை விட்டு அனுப்புகிறவரைப் பார்ப்போம். நம் சமூகத்தில் ஆலயங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், நடனப் பள்ளிகள், சிறு கடைகள் எல்லாமே மின்னஞ்சலில் அழைப்பு அனுப்புகின்றன, அழைப்பு ஸ்பேம் பெட்டிக்குப் போகிறது என்று வருந்துகின்றன. செயலாளர் தம் சொந்த ஜிமெயிலில் 600 பேரை பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத கட்டம்) போட்டு அனுப்ப முயன்றால் முதலில் இடிப்பது வரம்பு: இலவசக் கணக்கில் நாளொன்றுக்கு 500 பேர்தான். பிசிசிக்குப் பதில் சிசியில் போட்டுவிட்டால் இன்னும் மோசம், அத்தனை உறுப்பினர் முகவரியும் அத்தனை பேருக்கும் போய்விடும். மொத்தமாக அனுப்பும் சேவை ஒன்றில் சேர்ந்து, அனுப்புநராக ஜிமெயில் முகவரியையே போட்டால் டிமார்க் தேறாது, ஏனென்றால் ஜிமெயில் டொமைனுக்காக அனுப்பும் உரிமை அந்தச் சேவைக்கு இல்லை. சங்கத்துக்கென்று ஒரு டொமைன் தேவை.

அந்த டொமைனின் டிஎன்எஸ் பதிவில் (டொமைன் பற்றிய விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பட்டியல்) மூன்று வரிகள் சேர்க்க வேண்டும். எந்தெந்தச் சர்வர்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மடலிலும் மின்கையொப்பம் இடுவது டிகிம். அனுப்புநர் வரியில் தெரியும் டொமைனோடு இவற்றில் ஒன்றுகூட ஒத்துப்போகாவிட்டால் மடலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்வது டிமார்க். கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் அவையேதான். புதிய சேவையில் சேரும்போது இரண்டாவதாக ஓர் எஸ்பிஎஃப் வரியைச் சேர்ப்பார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே புதியதைக் கோக்க வேண்டும். அந்த ஒரு வரி 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் கேட்டாலும் தோற்கும். 2048 பிட் டிகிம் சாவி 255 எழுத்துக்கு மேல் போகும் என்பதால் துண்டாகப் பிரித்து ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். டிமார்க்கை முதலில் 'நன்' (எதுவும் செய்யாதே) என்று வைத்து, அறிக்கைகளைச் சில வாரம் படித்து, மறந்துபோன கணக்கு மென்பொருளோ நன்கொடை ரசீது அனுப்பும் தளமோ நம் பெயரில் அனுப்புகிறதா என்று பார்த்தபின் 'குவாரண்டைன்' (ஒதுக்கிவை), அதன்பின் 'ரிஜெக்ட்' (ஏற்காதே) என்று இறுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' வைத்த அமைப்புகளின் ரசீதுகள் உறுப்பினர்களுக்குப் போய்ச் சேராமலே மறைந்துபோகும்.

டிக்கெட், வகுப்புக் கட்டணம், விற்பனை என்று வந்துவிட்டால் அதை வணிக மடல் என்று கொள்வதே பத்திரம். தமிழில் மட்டும் எழுதும் அமைப்புகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிறுத்தக் கேட்கும் வழியைச் சொல்லும் வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிறது ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம். தமிழிலும் சேர்த்து எழுதலாம், ஆனால் ஆங்கிலம் இல்லாமல் கூடாது. அந்த வாசகத்தை மங்கிய சிறு எழுத்தில் ஒளித்துவைப்பது நமக்கே கேடு. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்றும், ஸ்பேம் புகார்கள் 0.3 விழுக்காட்டை எட்டவே கூடாது என்றும் கூகல் விதித்திருக்கிறது. கூகல் கேட்கும் அந்த ஒரே சொடுக்கு வசதி சிறிய அமைப்புகளுக்குக் கட்டாயமில்லை. ஆனால் ஆயிரத்துக்கு மூன்று என்ற அந்த அளவை நம் பட்டியலில் வைத்துப் பார்த்தால், 600 பேரில் இரண்டு பேர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினாலே எல்லையைத் தாண்டிவிடுகிறோம். வெளியேறும் வழி கண்ணில் படாத உறுப்பினர் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துவார். அன்சப்ஸ்கிரைப் இணைப்பை மடலின் மேலேயே தெளிவாக வையுங்கள். திரும்பி வரும் முகவரிகளையும், ஓராண்டாக எதையும் திறக்காதவர்களையும் தீபாவளி அழைப்பு போகுமுன் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.